அத்திப்பட்டில் இறங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் தடத்தில் எண்ணூரைத் தாண்டி ஆற்றைக் கடந்தால் வரிசையாக மூன்று சின்ன ஸ்டேஷன்கள் வரும்: அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம். அதற்கடுத்து மீஞ்சூர். இருபத்தெட்டு வருஷமாக பாரிமுனை வேலைக்கு இந்தத் தடத்தில் போய்வருகிறேன். புதிதாகக் குடிவந்தவர்கள், அனல்மின் நிலையத்துக்கு கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர்கள், பௌர்ணமிக்கு அம்மன் பார்க்க வருகிறவர்கள், விசேஷத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் போனில் கேட்பது ஏறக்குறைய இந்தக் கேள்விகளைத்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதி வைத்தால் அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம் இல்லையா?

அத்திப்பட்டு என்று இரண்டு ஸ்டேஷன் இருக்கிறதே, எதில் இறங்குவது?

சென்னையிலிருந்து வந்தால் முதலில் வருவது அத்திப்பட்டு புதுநகர். அடுத்தது வெறும் அத்திப்பட்டு. ரயில்வே குறியீட்டில் புதுநகருக்கு ஏஐபிபி, அத்திப்பட்டுக்கு ஏஐபி. உங்களைக் கூப்பிட்டவர் "அத்திப்பட்டு" என்று மட்டும் சொன்னால் உடனே திருப்பிக் கேளுங்கள். உள்ளூரில் "மொத அத்திப்பட்டா, ரெண்டாவதா?" என்றுதான் கேட்போம்.

இதில் ஏமாந்தவர்கள் பட்டியல் பெரியது. என் அத்தை மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் சம்பந்தி வீட்டார் பதினெட்டுப் பேர், சீர்வரிசைத் தட்டுகளோடு, மதுரையிலிருந்து வந்தார்கள். சென்ட்ரலில் ஏற்றிவிட்டவர் "அத்திப்பட்டுல இறங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாதிப் பேர் பலகையில் "அத்திப்பட்டு" என்ற எழுத்தைப் பார்த்ததும் முதல் ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டார்கள். பெரியவர்கள் முழுப் பெயரையும் படித்து, புதுநகர் நமக்கில்லை என்று உட்கார்ந்தே இருந்தார்கள். வண்டி நிற்பது அரை நிமிஷம். தேங்காய்த் தட்டு ஒரு ஸ்டேஷனில், பட்டுப்புடவைத் தட்டு இன்னொரு ஸ்டேஷனில். மாப்பிள்ளையின் பெரியப்பா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "எந்த அத்திப்பட்டு தம்பி?" என்றுதான் ஆரம்பிப்பார்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி ஓர் அத்திப்பட்டு. அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆட்டோவோ பார்சலோ முகவரியை அரைகுறையாகப் படித்தால் நேராக அங்கே போய்விடும். என் மகளின் ஹால் டிக்கெட் ஒருமுறை அம்பத்தூரைச் சுற்றிவிட்டு, பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் வீடு வந்தது.

"சிட்டிசன்" சினிமாவில் வரைபடத்திலிருந்தே காணாமல் போகும் ஊர் இதுதானா?

அது அத்திப்பட்டி. இது அத்திப்பட்டு. நாங்கள் காணாமல் போகவில்லை, இருபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு இங்கேயேதான் இருக்கிறோம்.

பெயர் எப்படி வந்தது?

அத்தி மரம் நிறைய இருந்ததால் என்பார்கள். "பட்டு" இந்தத் தொண்டை மண்டலத்து ஊர்ப் பெயர்களில் சகஜம். செங்கல்பட்டு எல்லாருக்கும் தெரியும். இதே தடத்தில் மீஞ்சூரைத் தாண்டினால் அனுப்பம்பட்டு இருக்கிறது. அத்தி மரம் எங்கே என்று கேட்காதீர்கள், புகைபோக்கிகளை வேண்டுமானால் காட்டுகிறேன்.

இது சென்னையா, திருவள்ளூர் மாவட்டமா?

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தாசில்தார் ஆபீசுக்கு இது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். ஓட்டுப் போட பொன்னேரி சட்டமன்றத் தொகுதி, நாடாளுமன்றத்துக்குத் திருவள்ளூர். வட சென்னை நாடாளுமன்றத் தொகுதி திருவொற்றியூரோடு முடிந்துவிடுகிறது. கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. ஆற்றுக்கு இந்தப்பக்கம் இருக்கும் நாங்கள் சேரவில்லை. தபால்காரருக்கோ பின்கோடு 600120, அதாவது சென்னை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் "சென்னை" என்போம். சொத்து வரி பேச்சு வந்தால் "கிராமங்க" என்போம்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, வேடிக்கையும் உண்டு. இங்கே இருக்கிற பெரிய சமாச்சாரம் எதற்கும் அது இருக்கிற ஊரின் பெயர் கிடையாது. அத்திப்பட்டில் இருக்கும் மின் நிலையத்துக்கு "வட சென்னை அனல்மின் நிலையம்" என்று பெயர். 90-களில் 210 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று, பிறகு 600 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டு, 2024-ல் 800 மெகாவாட்டில் இன்னொன்று. வெள்ளிவாயல்சாவடியில் இருக்கும் 1500 மெகாவாட் நிலையத்துக்குப் பெயர் "வல்லூர்". காட்டுப்பள்ளிக் கடற்கரையில் 2010-ல் திறந்த, நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை ஊரே "மீஞ்சூர் பிளான்ட்" என்கிறது. 2001-ல் வந்த துறைமுகம் எண்ணூர் ஊரில் இல்லை, முகத்துவாரத்துக்கு வடக்கே இந்தக் கரையில் இருக்கிறது. ஆனாலும் "எண்ணூர் துறைமுகம்" என்றுதான் ஆரம்பித்தார்கள், 2014-ல் காமராஜர் பெயர் வைத்தார்கள். பிரமாதமான பெயர், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அத்திப்பட்டு என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருப்பது ரயில்வேயின் அந்த மஞ்சள் பலகையில்தான்.

சென்னையில் எங்கே ஏற வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும்?

சென்ட்ரலுக்குப் போய் எக்ஸ்பிரஸ் நிற்கும் பிளாட்பாரங்களில் தேடாதீர்கள். லோக்கல் வண்டிகள் பக்கத்துக் கட்டடமான மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் இருந்து கிளம்பும். பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோன இடத்தில் வந்த கட்டடம் அது. என் அப்பா சாகும்வரை அங்கே டிக்கெட் வாங்கும்போதெல்லாம், தான் எட்டணாவுக்கு வாங்கிய அகராதியைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததில்லை.

பாரிமுனை, ராயபுரம் பக்கம் இருப்பவர்கள் சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து ஏறலாம். ஆனால் பீச் வண்டிகள் குறைவு. நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். இரண்டு பக்கத்து வண்டிகளும் கொருக்குப்பேட்டையில் ஒன்று சேர்ந்துவிடும்.

கும்மிடிப்பூண்டி, சூளூர்பேட்டை என்று பலகை போட்ட எந்த லோக்கலும் இங்கே நிற்கும். முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் 10 ரூபாய்க்குள் முடிந்துவிடும். செயலியில் எடுப்பதாக இருந்தால் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எடுக்க விடாது. டிக்கெட் இல்லாமல் மாட்டினால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். "சின்ன ஸ்டேஷன்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று நினைப்பவர்களைத்தான் பேசின்பிரிட்ஜில் பிடிக்கிறார்கள்.

முக்கியமான ஒன்று: லோக்கலில் கழிவறை கிடையாது. சர்க்கரைக்காரர்களும் குழந்தை வைத்திருப்பவர்களும் சென்ட்ரலிலேயே போய்விட்டு ஏறுங்கள்.

வண்டி அவுட்டரில் (ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலில்) நின்றுவிட்டது. கேட் அரை மணி நேரமாக மூடியே இருக்கிறது. ஏன்?

நிலக்கரி.

பாதையின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் கோபம் பாதியாகக் குறையும். ஒடிசாவிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரி இந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது. பக்கத்தில் இருக்கும் மின் நிலையங்களுக்குக் கன்வேயர் பெல்ட்டில் போய்விடும். மேட்டூர் மாதிரி தூரத்தில் இருப்பவற்றுக்குக் கூட்ஸ் வண்டியில்தான் போக வேண்டும். ஒரு நிலக்கரி வண்டி என்றால் 58, 59 வேகன்கள். நீளம் அரை கிலோமீட்டருக்கு மேல். துறைமுகக் கிளைப் பாதையிலிருந்து அந்தப் பாம்பு மெதுவாக வளைந்து மெயின் லைனுக்கு வந்து சேருவதற்குள் நீங்கள் ஒரு டீ குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம்.

அதற்கு மேல் எக்ஸ்பிரஸ்கள். சென்னையிலிருந்து விஜயவாடா, கொல்கத்தா, டெல்லி போகும் வண்டிகள் எல்லாம் இதே வழிதான். அத்திப்பட்டுக்கு வடக்கே நெடுங்காலமாக இருப்பது இரட்டைப் பாதை. எக்ஸ்பிரஸ், கூட்ஸ், லோக்கல் மூன்றும் அதைப் பங்கு போட்டாக வேண்டும். பின்னால் ஒரு எக்ஸ்பிரஸ் நெருங்கினால் லோக்கலைத்தான் ஓரம் கட்டுவார்கள். டெல்லிக்குப் போகிறவர் அரை மணி தாமதமானால் செய்தி, அத்திப்பட்டுக்காரர் தாமதமானால் அது வழக்கம்.

கேட் மூடியிருக்கும்போது பைக்கைச் சாய்த்துக் குனிந்து நுழையாதீர்கள். தண்டவாளத்தைக் கடந்தால் ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தை விடுங்கள். கூட்ஸ் போய்விட்டது என்று காலை வைப்பார்கள், அதன் மறைவில் அடுத்த தடத்தில் எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருக்கும். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவனை அப்படித்தான் இழந்தோம். இதற்கு மேல் இதைப்பற்றி எழுத முடியவில்லை.

இது 1856-ல் போட்ட பாதையா?

இல்லை, ராயபுரத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். ராயபுரம் ஸ்டேஷன் 1856 ஜூனில் திறந்தது. ஜூலை 1 முதல் ஓடிய அந்த வண்டி மேற்கே ஆற்காடு பக்கம், வாலாஜா வரை போனது. வடக்கே கடலோரமாகப் போகும் நம் பாதை அதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் இளையது. சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் ரயில் தொடர்பு வந்தது 1899-ல். கும்மிடிப்பூண்டி வரை மின்சார வண்டி வந்தது 1979-ல். கரி இன்ஜின் பின்னால் உட்கார்ந்து கண்ணில் தூசி விழுந்த கதையை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதற்குப் பிறகும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரயிலுக்கு முன்னால் இங்கே போக்குவரத்து என்றால் கால்வாய். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய்தான் பிறகு இரண்டு பக்கமும் நீண்டு, 1878-ல் பக்கிங்காம் கால்வாய் ஆனது. கடைசிக் கட்டம் 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்களை வைத்து வெட்டியது. உப்பும் சவுக்கு விறகும் படகில் சென்னைக்குப் போகும். படகுகள் சரக்கு இறக்க நின்ற குளம்தான் "பேசின்". பேசின்பிரிட்ஜ் என்று தினமும் சொல்கிறோம், பேசின் எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் தாத்தா விறகுப் படகை வடம் கட்டிக் கரையோடு இழுத்துக்கொண்டே நடந்தவர். அந்தக் கால்வாய் இன்றும் இங்கே ஓடுகிறது. "ஓடுகிறது" என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

எண்ணூர் பாலத்தில் வண்டி போகும்போது, தண்ணீருக்குள் இடுப்பளவில் நிற்கிறார்களே, என்ன செய்கிறார்கள்?

இறால் பிடிக்கிறார்கள், வெறுங்கையால்.

எண்ணூர் ஸ்டேஷனை விட்டதும் வரும் தண்ணீர் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம். வத்தம் போகும் நேரத்தில், அதாவது கடல் தன் தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் நேரத்தில், இங்கே தண்ணீர் இறங்கி சேறு தெரியும். அப்போது இருளர் ஜனங்கள் இறங்குவார்கள். பெண்கள்தான் அதிகம். ஒருமுறை வண்டி பாலத்தின் மேல் சிக்னலுக்கு நின்றபோது கதவோரத்தில் நின்றுகொண்டு பார்த்தேன். கீழே ஓர் அம்மா, அறுபது வயது இருக்கும். பனை ஓலையில் பின்னிய பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். பறி மார்பில் தொங்க, இரண்டு கையும் தண்ணீருக்குள். கால் விரலால் சேற்றைத் தடவிக்கொண்டே ஓரடி நகர்வார். எங்கோ தட்டுப்பட்டதும் அப்படியே உட்காருவார், தாடை வரை தண்ணீர் வரும். இரண்டு உள்ளங்கையையும் சேற்றோடு சேர்த்துக் குவிப்பார். கை மேலே வரும்போது விரலிடுக்கில் இறாலின் மீசை துடிக்கும். பல்லை விடாமல், தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்து, அதைப் பறிக்குள் போட்டுவிடுவார். வலை இல்லை, தூண்டில் இல்லை, படகு இல்லை. வண்டி கிளம்புவதற்குள் நான்கு முறை உட்கார்ந்து எழுந்தார். மூன்று முறை கை வெறும் சேறாக வந்தது.

ஸ்டேஷன் வாசலில் விற்கும் மீனை வாங்கலாமா?

நான் வாங்குகிறேன். மடவை, கிழங்கான், இறால், நல்ல நாளில் பச்சை நண்டு. காலை வண்டிக்குக் கூடையோடு வருவார்கள். வெண்டார் பெட்டியில், அதாவது கூடை வியாபாரிகளுக்கான பெட்டியில், ஏறிச் சென்னைக்குப் போவதற்கு முன் பிளாட்பாரத்திலேயே பேரம் முடிந்துவிடும். என் வழக்கமான அக்காவிடம் பேச்சு இப்படித்தான் போகும்:

"யக்கா, இன்னா ரேட்டு?"

"எரநூறு நைனா."

"நேத்து நூத்தி அம்பதுன்னியே."

"நேத்து மீன நேத்தே வாங்கியிருக்கணும். வண்டி வருது, எடுத்துக்கினு போ."

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஆற்றில் சாம்பல், சுடுதண்ணீர், எண்ணெய் எல்லாம் கலந்து பல வருஷமாகிறது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றுக்குள் வந்து, வலையும் படகும் மரங்களும் கறுத்துப்போயின. அந்தச் சமயத்தில் மாதக்கணக்கில் யாரும் மீன் வாங்கவில்லை. பிடித்தவர்கள்தான் பட்டினி கிடந்தார்கள். கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் வாங்குவதாக இருந்தால் கடல் மீன் கேளுங்கள், ஆற்று மீன் எது, கடல் மீன் எது என்று மறைக்காமல் சொல்வார்கள். அந்த அளவுக்கு நேர்மை அந்தக் கூடையில் உண்டு.

மழைக்காலத்தில் ரயில் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். பஸ் நின்றபின்னும் ரயில் ஓடிய நாட்கள் நிறைய. பாதை மேட்டில் இருக்கிறது, ஊர் பள்ளத்தில் இருக்கிறது. அதனால் வெள்ளத்தில் ஊர்க்காரர்கள் சாமானோடு வந்து உட்காருவதும் பிளாட்பாரத்தில்தான்.

நாங்கள் கவனிப்பது வானத்தை விட பூண்டி ஏரியை. 1944-ல் கட்டிய அந்த நீர்த்தேக்கம் நிரம்பி உபரி நீரைத் திறந்தால் கொசஸ்தலை வழியாக வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி எங்களிடம்தான் வந்து சேரும். கடலும் அந்த நேரம் ஏத்தத்தில் இருந்தால் தண்ணீர் வடிய இடமில்லாமல் பின்னுக்குத் தள்ளும். "பூண்டியில் இத்தனை ஆயிரம் கனஅடி" என்று செய்தி வந்த அன்று ராத்திரி அரிசி மூட்டை கட்டில் மேல் ஏறிவிடும்.

கொடியில் காயும் துணியில் கறுப்பாகப் பொடி படிகிறதே?

அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக் காயப்போடக் கொஞ்ச நாளில் பழகிவிடும். வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்குள் கொடி கட்டியிருப்பார்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் வீடு பார்க்கும்போது சாம்பல் குட்டைக்கு எவ்வளவு தூரம் என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

தண்ணீர்?

போர் தண்ணீர் உப்பு. சென்னைக்கும் ஆலைகளுக்கும் பல வருஷம் மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல் உள்ளே வந்துவிட்டது. குடிக்க கேன் வாங்க வேண்டும்.

பௌர்ணமியில் மூன்று அம்மனையும் ரயிலிலேயே போய்ப் பார்க்க முடியுமா?

முடியும், நன்றாகவே முடியும். தெரியாதவர்களுக்காக: பௌர்ணமி அன்று, அதுவும் வெள்ளிக்கிழமையாக அமைந்தால் ரொம்ப விசேஷம், காலையில் மேலூர் திருவுடை அம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடை அம்மன் என்று ஒரே நாளில் மூவரையும் தரிசிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். இச்சா, ஞான, கிரியா சக்தி என்பார்கள்.

விடியற்காலை வண்டியில் மீஞ்சூரில் இறங்குங்கள். மேலூருக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும். பௌர்ணமி அன்று டிரைவர்கள் "திருவுடை, திருவுடை" என்று கூவிக்கொண்டே நிற்பார்கள். மீஞ்சூரிலேயே ஏகாம்பரநாதரும் வரதராஜரும் இருக்கிறார்கள், அதனால் இதற்கு வட காஞ்சி என்று பெயர், நேரம் இருந்தால் பாருங்கள். திரும்பி லோக்கல் பிடித்துத் திருவொற்றியூர். அங்கே ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு ஆட்டோ பிடியுங்கள். நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும், அதனால் மேலூரில் பிரசாத வரிசையில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள். பட்டினத்தார் சமாதியும் அங்கே கடலோரத்தில்தான். மதியச் சாப்பாடு முடித்துவிட்டு சென்ட்ரல் வண்டியில் ஏறி பேசின்பிரிட்ஜில் இறங்கி, ஆவடி அல்லது திருவள்ளூர் லோக்கலுக்கு மாறுங்கள். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வரும். பேசின்பிரிட்ஜில் பிளாட்பாரம் மாறப் படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் கூட இருந்தால் அவசரப்படாமல் அடுத்த வண்டியைப் பிடியுங்கள். பீச் வண்டியில் ஏறிவிட்டால் பேசின்பிரிட்ஜ் வராது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என் மாமியாரை ராயபுரத்தில் போய் அழைத்துவந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ராத்திரி வண்டியில் பெண்கள் தனியாக வரலாமா?

வருகிறார்கள். ஷிப்ட் முடிந்து வருபவர்களால் கடைசி வண்டி வரை ஆள் இருக்கும். லேடீஸ் பெட்டி காலியாக இருந்தால் பொதுப் பெட்டியில் கூட்டத்தோடு வருவதே மேல் என்பது என் மனைவியின் கட்சி. ஏதாவது என்றால் 139. ஸ்டேஷனுக்கு வெளியே இருட்டு, வீட்டிலிருந்து யாராவது எதிர்கொள்வது நல்லது.

வண்டியில் பொருளை மறந்துவிட்டால் கிடைக்குமா?

சட்டப்படி ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லுங்கள், 139-க்குப் பேசுங்கள். நடைமுறையில், லோக்கல் வண்டி எங்கே போனாலும் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். என் நான்கடுக்கு டிபன் கேரியர் ஒருநாள் ரேக்கிலேயே தங்கி சூளூர்பேட்டை போய்விட்டது. மறுநாள் காலை பீச் வண்டியில், நான் ஏறும் அதே மூன்றாவது பெட்டியில், கொய்யா விற்கும் தெலுங்கு அம்மா அதை நீட்டினார். கழுவி இருந்தது. உள்ளே இரண்டு கொய்யா. "மீரு ரோஜு இக்கடே கதா" என்றார். தினமும் இங்கேதானே ஏறுகிறீர்கள், வேறு எங்கே போவீர்கள் என்கிற மாதிரி. இந்தத் தடத்தில் தமிழ் எங்கே முடிகிறது, தெலுங்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று ஸ்டேஷன் கணக்கில் சொல்ல முடியாது. ஆரம்பாக்கத்தில் முடிகிறது என்று வரைபடம் சொல்லும்.

பிளாட்பாரத்தில் நின்றால் ராக்கெட் தெரியுமாமே, உண்மையா?

உண்மைதான். ஸ்ரீஹரிகோட்டா சூளூர்பேட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. மேகம் இல்லாத நாளில் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ராத்திரி ஏவினால் இன்னும் நன்றாகத் தெரியும், ஒரு செங்கல் நிற உருண்டை மெல்ல எழும்பி வளையும்.

2023 ஜூலை 14 மதியம், சந்திரயான் 3 கிளம்பிய அன்று நான் லீவு. சென்னைக்கு ஒரு வேலையாகப் போக பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். 2.35 என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. செல்போனில் ஒரு பையன் எண்ணிக்கையைச் சத்தமாக வைத்தான். மீன்கார அக்கா கூடையைத் தரையில் வைத்துவிட்டுத் தலையின் சும்மாட்டை எடுத்து நெற்றியில் நிழலுக்குப் பிடித்துக்கொண்டார். ஒடிசாக்காரப் பையன்கள் நான்கைந்து பேர் பெஞ்சின் மேல் ஏறினார்கள். புகைபோக்கிகளுக்குப் பின்னால், மேகங்களுக்கு நடுவே, வெள்ளையாக ஒரு கோடு. "அது பொகடா, பவர் ஹவுஸ் பொக" என்று ஒருவர் சொல்ல, "பொக இப்டியா போவும்?" என்றார் அக்கா. கோடு ஏறிக்கொண்டே போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்ட்ரல் லோக்கல் வந்து நின்றது. ஜன்னலில் இருந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே எட்டி எட்டிப் பார்த்தார்கள். கார்டும், இப்போது அவரை ரயில் மேனேஜர் என்று சொல்ல வேண்டுமாம், கதவில் நின்று வடக்கே திரும்பிப் பார்த்தார். ஆனால் அவர் தன் அரை நிமிஷத்தைத் தாண்டவில்லை. மணி அடித்தார், வண்டி கிளம்பிவிட்டது. நாங்கள் ஏழெட்டுப் பேர் அண்ணாந்தபடி நின்றுவிட்டோம். அடுத்த வண்டி நாற்பது நிமிஷம் கழித்து வந்தது, அதையும் அவுட்டரில் போட்டிருந்தார்கள்.